ஈரலில் தேங்கும் கொழுப்பும் நாம் சொல்லும் சொல்லும்

உடல் பருத்த ஒருவருக்குக் கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்துள்ளது என்று பரிசோதனையில் தெரியவந்தால், அவருக்கு வழக்கமாகக் கூறப்படும் புத்திமதி ஒன்றே: “எண்ணெயையும் நெய்யையும் விடுங்கள், வாயைக் கட்டுங்கள்.” இப்புத்திமதி முழுப் பிழையன்று, ஆயினும் அரைகுறையானது. உண்ட கொழுப்பு அப்படியே போய் ஈரலில் தங்கிவிடுகிறது என்னும் எண்ணத்தை அது வளர்க்கிறது. நோயுற்றவரைத் தீனிக்கு அடிமையானவர் என்று மறைமுகமாகக் குற்றம் சாட்டவும் செய்கிறது. கல்லீரல் தானே கொழுப்பை ஆக்கும் ஓர் ஆலை என்பதையும், அவ்வாலையை முடுக்கவும் அடக்கவும் மரபணுக்களும் அவற்றை ஆளும் புரதங்களும் உள்ளன என்பதையும் சென்ற முப்பது ஆண்டுகளின் ஆராய்ச்சி தெளிவாக்கியுள்ளது. இவ்வுண்மையைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்து, தாம் மக்களிடம் சொல்லும் சொல்லை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே எனது கருத்து.

இதனை இப்போது வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. மது அருந்தாதோருக்கு வரும் ஈரற் கொழுப்பு நோயை, தொற்றா நோய்களைத் தடுக்கும் தேசியத் திட்டத்தில் இந்திய அரசு 2021-ஆம் ஆண்டில் சேர்த்தது. 2024-ஆம் ஆண்டில் அதற்குரிய வழிகாட்டு நெறிகள் திருத்தி வெளியிடப்பட்டன. பயிற்சி ஏடும் உடன் வந்தது. ஆகவே, இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளந்து படிவத்தில் குறிக்கும் ஊழியரே இன்று இந்நோயைப் பற்றி முதற் சொல் சொல்பவராகிறார். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்ற எல்லையை அளவு கடந்தால், மேற்கொண்டு பரிசோதனைக்கு வருமாறு அவர் அழைக்க வேண்டும். ஈரலில் கொழுப்புத் தேங்குவது நெடுங்காலம் வலியோ வேறு அறிகுறியோ இன்றி நடப்பது. நோவு தெரியாத ஒருவரைச் சொல்லால் மட்டுமே அழைத்துவர முடியும். அச்சொல் பழிச்சொல்லாக அமைந்துவிட்டால் அவர் வரமாட்டார்.

முதலில், ஈரலில் தேங்கும் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் காண்போம். அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர், ஈரற் கொழுப்பு நோயுற்ற பருத்த உடலினர் 9 பேருக்கு, அடையாளமிட்ட அணுக்கள் கலந்த உணவைச் சில நாட்கள் அளித்து, பின்னர் அவர்தம் ஈரலின் சிறு துணுக்கைச் சோதித்தனர். 2005-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாராய்ச்சியின் முடிவு இது: ஈரற் கொழுப்பில் நூற்றுக்கு 59 பங்கு, உடலின் கொழுப்புத் திசுவிலிருந்து கரைந்து இரத்தத்தின் வழியே வந்தது. 26 பங்கு, மாச்சத்து முதலிய பிற பொருள்களிலிருந்து உடலுக்குள்ளேயே புதிதாக ஆக்கப்பட்டது. இவ்வேலை பெரிதும் ஈரலில் நடப்பது. அந்நாட்களில் உண்ட கொழுப்பிலிருந்து நேரே வந்தது 15 பங்கு மாத்திரமே. திசுவில் இருந்த சேமிப்பும் என்றோ உண்ட உணவின் மிச்சமே என்பது மெய்தான். எனினும், நலமுள்ள ஒருவர் பட்டினியாக இருக்கையில் நூற்றுக்கு 5 பங்குக்கும் குறைவாக நிகழும் இவ்வாக்கம், இந்நோயாளிகளிடம் நான்கில் ஒரு பங்கை எட்டியிருந்தது. ஆலை ஓய வேண்டிய வேளையிலும் ஓயாமல் ஓடுகிறது என்பது இதன் பொருள்.

ஆலை ஓடும் முறையைச் சுருங்கச் சொல்லலாம். உணவு உண்டபின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது கல்லீரலுக்கு இரண்டு கட்டளைகளை இடுகிறது. “சர்க்கரையை இரத்தத்தில் விடுவதை நிறுத்து” என்பது முதற் கட்டளை. “மிஞ்சியதைக் கொழுப்பாக்கிச் சேமி” என்பது இரண்டாவது. இரண்டாம் கட்டளையை ஏற்று ஈரல் உயிரணுவின் உட்கருவுக்குக் கொண்டு செல்வது எஸ்.ஆர்.இ.பி.பி.-1சி என்னும் புரதம். அது கொழுப்பை ஆக்கும் நொதிகளுக்குரிய மரபணுக்களின்மேல் அமர்ந்து அவற்றை விழித்தெழச் செய்கிறது. இதனை நாம் கட்டளைப் புரதம் என்று அழைக்கலாம். இவ்வகைப் புரதங்களை 1990-களில் கண்டறிந்தவர்கள், கொலஸ்டிரால் ஆராய்ச்சிக்காக 1985-இல் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகியோரின் டல்லஸ் நகரக் குழுவினர். பின்னர் 2001-இல் இரண்டாவது கட்டளைப் புரதம் ஒன்றும் அறியப்பட்டது. அது இன்சுலினுக்காகக் காத்திராமல், ஈரலுக்குள் நுழையும் சர்க்கரையையே அடையாளங்கண்டு அதே மரபணுக்களை எழுப்புவது. ஆகவே ஆலைக்கு மேற்பார்வையாளர் இருவர்: ஒருவர் இன்சுலினின் குரலைக் கேட்பவர், மற்றவர் வந்திறங்கும் சர்க்கரை மூட்டையை எண்ணுபவர்.

உடற்பருமனில் நேரும் விந்தை இனித்தான் வருகிறது. பருத்த உடலில் இன்சுலினின் கட்டளைக்கு ஈரல் செவிசாய்ப்பது குறைந்துபோகிறது என்று யாவரும் கேள்வியுற்றிருப்பர். அது உண்மையாயின் இரண்டு கட்டளைகளும் ஒருங்கே வலுவிழக்க வேண்டும் அன்றோ? அவ்வாறு நிகழ்வதில்லை. சர்க்கரையை நிறுத்தும் கட்டளையை ஈரல் புறக்கணிக்கிறது. கொழுப்பை ஆக்கும் கட்டளையையோ தவறாமல் நிறைவேற்றுகிறது. இரத்தத்தில் சர்க்கரை குறையாதது கண்ட கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அதனால் இரண்டாம் கட்டளையின் குரல் இன்னும் உரத்து ஒலிக்கிறது. சர்க்கரையும் மிகுகிறது, கொழுப்பும் மிகுகிறது. இம்முரண்பாட்டைப் பிரௌனும் கோல்ட்ஸ்டைனும் 2008-இல் தெளிவாக எடுத்துக் காட்டினர். இன்சுலினின் குரலையே கேட்கவியலாதபடி ஈரல் மாற்றப்பட்ட சுண்டெலிகளில் சர்க்கரை ஏறியது. இரத்தக் கொழுப்போ உயரவில்லை. ஆகவே நோயின் வேர் ஈரலின் பாதிச் செவிட்டில் இருக்கிறது. முழுச் செவிட்டில் இல்லை.

இதற்குத் துணையான மற்றொரு சான்றும் உண்டு. அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னுமிடத்திலுள்ள ஜாக்சன் ஆராய்ச்சிச்சாலையில், 1949-ஆம் ஆண்டில், அளவின்றி உண்டு பெருக்கும் சுண்டெலி இனம் ஒன்று தோன்றியது. அதற்குக் காரணமான மரபணு 1994-இல், ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினரால் கண்டறியப்பட்டது. பசியை அடக்கும் லெப்டின் என்னும் ஹார்மோன் அவ்வெலிகளுக்கு இல்லை. அவற்றின் ஈரல் கொழுப்பால் வெளுத்துப் பருத்திருக்கும். ஜப்பானிய ஆராய்ச்சியாளர் அவ்வெலிகளில் முதற் கட்டளைப் புரதத்துக்குரிய மரபணுவை நீக்கிப் பார்த்து, முடிவை 2002-இல் வெளியிட்டனர். எலிகள் முன்போலவே பருத்திருந்தன. ஈரலின் கொழுப்போ வெகுவாகக் குறைந்தது. உடல் பருப்பதும் ஈரலில் கொழுப்புத் தேங்குவதும் ஒன்றையொன்று தொடர்ந்து வருவனவாயினும், இரண்டும் ஒன்றே அல்ல என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது அரிது.

இங்கு மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 2023-ஆம் ஆண்டில் பல நாட்டு ஈரல் மருத்துவர் சங்கங்கள் கூடி இந்நோயின் ஆங்கிலப் பெயரை மாற்றின. பழைய பெயரில் ‘கொழுத்த’ என்ற பொருளுடைய சொல் நோயாளிகளை இழிவுபடுத்தக் கூடியது என்று, கருத்துத் தெரிவித்தவர்களில் நூற்றுக்கு 60-க்கு மேற்பட்டோர் கூறினர். ஆகவே அதன் இடத்தில் கிரேக்க மூலமுள்ள ‘ஸ்டீட்டோட்டிக்’ என்ற சொல் வைக்கப்பட்டது. அக்கிரேக்க மூலத்துக்கும் கொழுப்பு என்றே பொருள்! தமிழில் பெயர்த்தால் விலக்கிய சொல்லே மீண்டும் வந்து நிற்கிறது.

தமிழில் இச்சங்கடம் இன்னும் பெரிது. நம் மொழியில் கொழுப்பு என்பது ஒரு பொருளின் பெயர் மாத்திரமன்று. திமிருக்கும் அதுவே பெயர். ‘உனக்குக் கொழுப்பு மிஞ்சிவிட்டது’ என்றால் என்ன பொருள் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ‘ஈரல் கெட்டுவிட்டது’ என்றாலோ, கேட்பவர் மனம் உடனே சாராயக் கடையை நினைக்கிறது. ஒரு நாளும் மதுவைத் தொட்டறியாத குடும்பத்துப் பெண்ணிடம், அண்டை வீட்டார் கேட்கும்படி, “உங்கள் ஈரலில் கொழுப்பு அதிகம்” என்று சொன்னால், அவர் செவியில் இரண்டு வசைகள் சேர்ந்து விழுகின்றன. இதற்கு வடமொழியிலோ கிரேக்கத்திலோ ஒரு பெயரைத் தேடி ஒளிந்துகொள்வது மருந்தாகாது. புரியாத பெயர் அச்சத்தையே பெருக்கும். கொழுப்பு என்ற எளிய சொல்லையே ஆளலாம். ஆனால் வாக்கியத்தின் எழுவாயை மாற்ற வேண்டும். ‘உங்களுக்குக் கொழுப்பு அதிகம்’ என்பதை விடுத்து, ‘உங்கள் ஈரல் வேண்டியதற்கு மேல் கொழுப்பை ஆக்கித் தேக்குகிறது’ என்று சொல்லலாம். ‘கொழுத்த ஈரல்’ என்பதற்கு மாறாக ‘ஈரற் கொழுப்புத் தேக்கம்’ என்று எழுதலாம். இது உபசார வார்த்தையன்று. மேலே கண்டவாறு விஞ்ஞானமும் அதனையே கூறுகிறது.

இனி, உணவைப் பற்றிய புத்திமதிக்கு வருவோம். எண்ணெயைக் குறைத்தவர் பலர் அதனை ஈடுகட்ட இனிப்புத் தேநீரையும் குளிர்பானத்தையும் பெருக்கிக்கொள்கின்றனர். அவர்கள் ஏமாற்றுகிறவர்கள் அல்லர். நாம் சொன்னபடியே நடப்பவர்கள். ஆனால் ஆலையின் இரண்டாம் மேற்பார்வையாளர் எண்ணுவது சர்க்கரை மூட்டையையே என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சீனியில் பாதியாக உள்ள பழச்சர்க்கரை, மற்றச் சர்க்கரைக்கு ஈரலில் உள்ள தடைகளைக் கடந்து விரைவாகக் கொழுப்பாக்கத்துக்குப் போகக்கூடியது. பருத்த உடலுள்ள சிறுவர் சிறுமியரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2017-இல் வெளிவந்த பரிசோதனை ஒன்றில், 9 நாட்கள் அவர்கள் உணவிலிருந்து சர்க்கரை குறைக்கப்பட்டு, அதே அளவு கலோரி தரும் மாச்சத்து ஈடாக அளிக்கப்பட்டது. உணவின் மொத்தக் கலோரி குறையவில்லை. எனினும் ஈரற் கொழுப்பின் இடைநிலை அளவு நூற்றுக்கு 7.2-லிருந்து 3.8-ஆகக் குறைந்தது, புதுக் கொழுப்பின் ஆக்கமும் பாதிக்கு மேல் வீழ்ந்தது.

இதனால் நெய்யும் வெண்ணெயும் குற்றமற்றவை என்று கொள்ளலாகாது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நடந்து 2018-இல் வெளிவந்த பரிசோதனையில், மூன்று பிரிவினருக்கு நாள்தோறும் 1,000 கலோரி மிகையாக மூன்று வாரம் ஊட்டப்பட்டது. வெண்ணெய் போன்ற செறிந்த கொழுப்பை உண்டோரின் ஈரற் கொழுப்பு நூற்றுக்கு 55 பங்கு உயர்ந்தது. சர்க்கரையை உண்டோருக்கு 33 பங்கு. செறிவற்ற கொழுப்பை, அதாவது வித்தெண்ணெய், பருப்பு வகைகளில் உள்ளதை உண்டோருக்கு 15 பங்கு. ஆகவே, “கொழுப்பை விடு” என்ற ஒற்றை வாக்கியம் இரு வகையில் பிழைபடுகிறது: கொழுப்புகளுக்குள் உள்ள வேற்றுமையை மறைக்கிறது, சர்க்கரையை மறந்தே விடுகிறது.

மரபணுவின் பங்கு பற்றியும் மக்களிடம் அச்சமும் சோர்வும் உண்டு. ‘எங்கள் குடும்பத்து உடம்பு அப்படி’ என்று கூறி விட்டுவிடுவோர் பலர். டல்லஸ் நகரத்தின் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் ஆகியோரின் குழு 2008-இல், பி.என்.பி.எல்.ஏ.3 என்னும் மரபணுவில் ஒரு சிறு மாறுதலைக் கண்டது. அம்மரபணு ஆக்கும் புரதத்தின் 148-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலத்துக்குப் பதில் வேறொன்று நிற்பதே அம்மாறுதல். அதைப் பெற்றோர் ஈரலில் கொழுப்பு எளிதில் கரையாது தங்குகிறது. அன்றியும், மெலிந்தவரிடம் சிறிதாக உள்ள இதன் தீங்கு, உடல் பருக்கப் பருக்கப் பன்மடங்காகிறது என்பது 2017-இல் நிறுவப்பட்டது. எனவே பரம்பரையும் பருமனும் தனித்தனியே நின்று தாக்குவதில்லை. ஒன்று மற்றதை ஊதிப் பெருக்குகிறது.

ஆயினும் பரம்பரை என்பது தலைவிதியன்று. ஹெல்சிங்கியின் ஆராய்ச்சியாளரே 2011-இல் வெளியிட்ட மற்றொரு பரிசோதனையில், இம்மாறுதலைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவரும், பெறாதவரும் ஆறு நாட்கள் கலோரியும் மாச்சத்தும் குறைந்த உணவை உண்டனர். பெற்றவர் ஈரலின் கொழுப்பு நூற்றுக்கு 45 பங்கு குறைந்தது. பெறாதவர்க்கோ 18 பங்கே குறைந்தது. தீய மரபணுவைச் சுமந்தவருக்கே நல்ல உணவின் பயன் மிகுதியாகக் கிட்டிற்று! சோர்ந்திருக்கும் குடும்பத்துக்குச் சொல்ல இதனினும் சிறந்த செய்தி வேறில்லை.

தோற்றத்தைக் கொண்டு நோயை முடிவு செய்வதன் பிழையையும் இங்கே குறிப்பிட வேண்டும். மேற்கு வங்காளத்துக் கிராமப்புறத்தில் நடத்தப்பட்டு 2010-இல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஈரற் கொழுப்பு நோய் உள்ளோர் நூற்றுக்கு 8.7 பேர் என்று கண்டனர். அந்நோயாளிகளில் நூற்றுக்கு 75 பேருக்கு உடல் நிறை எண் 25-க்கும் குறைவு. பாதிக்கு மேற்பட்டோருக்கு மிகையான எடையும் இல்லை, தொந்தியும் இல்லை. உடல் பருத்தவரை மட்டும் ஐயுற்று, மெலிந்தவரை விட்டுவிடும் நம் வழக்கத்துக்கு இது தக்க மறுப்பு.

என் கருத்துக்கு இரண்டு மறுப்புகள் கூறப்படலாம். குற்றம் ஈரலுடையது என்று சொன்னால், மக்கள் பொறுப்பைத் துறந்து முன்போலவே உண்பர் என்பது ஒன்று. பழி வேறு, பொறுப்பு வேறு. ஆலை ஓடும் விதம் தெரியாதவனைத் திட்டினால் அவன் நாணி ஒதுங்குவான். எந்தக் கதவை அடைத்தால் ஆலை தணியும் என்று காட்டினால் அக்கதவை அடைக்க முற்படுவான். நாணத்தால் நோய் மறைந்ததில்லை, நோயாளியே மறைந்திருக்கிறார்.

விரைவில் மருந்து வந்துவிடும், நாம் ஏன் இவ்வளவு பேச வேண்டும் என்பது மற்றொன்று. மருந்துகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஈரலில் தழும்பு ஏறியவர்களுக்கென முதன் மருந்துக்கு அமெரிக்காவில் 2024 மார்ச்சு மாதம் அனுமதி கிடைத்தது. ஆனால் 2017-இல் கண்ட ஒரு படிப்பினையை நினைவிற்கொள்க. கொழுப்பாக்கத்தின் முதல் நொதியை அடக்கும் மருந்து ஒன்றைக் கொடுத்தபோது ஈரற் கொழுப்பு நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது; இரத்தத்தின் டிரைகிளிசரைடோ மும்மடங்காயிற்று. ஆக்கம் குறைந்ததை உணர்ந்த முதற் கட்டளைப் புரதம் வேறு வழியாகச் சீறி எழுந்ததே காரணம். ஒரு கதவை மட்டும் அடைத்தால் மற்றொரு கதவு திறக்கும். ஆலைக்கு வரும் மிகைச் சரக்கைக் குறைப்பதோ எல்லாக் கதவுகளுக்கும் பொருந்தும் வழி. உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்தாலே ஈரற் கொழுப்புக் குறைகிறது. 7 முதல் 10 பங்கு குறைந்தால் ஈரலின் அழற்சியும் தணிகிறது. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 4 கிலோவில் தொடங்கி 8 கிலோவில் முடியும் கணக்கு, எட்டாக்கனியன்று.

ஆகவே களப்பணியாளர் வீட்டு வாயிலில் பேசும்போது இப்படித் தொடங்கலாம்: “அம்மா, நாம் உண்ணும் மிகையான சர்க்கரையையும் உணவையும் நம் ஈரல் கொழுப்பாக மாற்றிச் சேர்த்துவைக்கும். சிலர் உடம்பில் அந்த வேலை பிறவியிலேயே சற்று மிகுதியாக நடக்கும். அது யாருடைய தவறும் இல்லை. குறைக்க வழி இருக்கிறது; ஒரு முறை பரிசோதனைக்கு வாருங்கள்.” பின்னர்ச் சொல்ல வேண்டியன சில: இனிப்புப் பானத்தை முதலில் நிறுத்துக, வெல்லமும் கருப்பட்டியும் சர்க்கரையே என்பதை அறிக, நெய், வெண்ணெய், வனஸ்பதியைச் சுருக்கி, அளவான வித்தெண்ணெயைக் கொள்க, நாள்தோறும் நடக்க, மதுவை விலக்குக.

ஆசிரியர் வகுப்பில் செய்யத்தக்கது இன்னும் எளிது. 300 மில்லிலிட்டர் குளிர்பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை உண்டு. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை, மொத்தக் கலோரியில் நூற்றுக்கு 10 பங்கை மீறலாகாது, 5 பங்குக்குள் நிற்பது இன்னும் நன்று என உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. 2,000 கலோரி உண்பவருக்கு அந்த 5 பங்கு என்பது 25 கிராம். தராசில் நிறுத்துக் காட்டினால் ஒரு புட்டியிலேயே அவ்வளவு கடந்துவிடுவதை மாணவர் கண்ணாரக் காண்பர். அதே வகுப்பில், பருத்த உடலுள்ள மாணவனைப் பிறர் எள்ளி நகையாடும்போது, அவன் உடலுக்குள் ஓடும் ஆலையைப் பற்றி ஆசிரியர் நான்கு வாக்கியங்கள் கூறுவாராயின், அது உயிரியல் பாடமும் ஆகும்; ஒழுக்கப் பாடமும் ஆகும்.

மருத்துவ நூல்கள் பெயரை மாற்றிவிட்டன. மக்கள் செவியில் விழும் பேச்சை மாற்ற வேண்டியவர்கள் நாமே. நோயாளியின் வாயைக் கட்டச் சொல்லுமுன், நம் வாயிலிருந்து வரும் சொல்லைச் சீர்தூக்கிப் பார்ப்போமாக.